பிளாஷ் வாங்கப் போற கண்ணுக்கு

ஏங்கண்ணு, பழைய பிலிம் கேமரா ஒண்ணு வாங்கிட்டயாமா? மேலால குனிஞ்சு பார்க்கற ரெட்டைக் கண் பொட்டி. யாஷிகா மேட் 124ஜி. 1970ல ஆரம்பிச்சு 1986 வரைக்கும் ஜப்பான்காரன் செஞ்ச சாமானம். உன்ற அப்பன் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலம். கழுத்துல மாட்டிட்டு நாலு ஊரு சுத்தியாச்சாம். பொட்டியில நீ புடிச்ச படம் கம்மி, பொட்டியோட உன்னை அடுத்தவன் போன்ல புடிச்ச படந்தான் நெறையன்னு கேள்வி. செரி, வயசு அப்படி. ஆரு என்ன பண்ண முடியும்?

இப்ப அதுக்கு ஒரு பிளாஷ் வேணுங்கற. வெலையும் கம்மியா இருக்கோணும், கையில தூக்கிட்டுப் போறாப்பலயும் இருக்கோணும். நல்ல ரோசனைதான். பொழுது உளுந்தா பிலிமுக்குக் கண்ணு தெரியாது. உன்ற கூட்டாளிக சில பேரு "நாங்க இயற்கை வெளிச்சம் மட்டுந்தான் புழங்குவோம்"னு வேதாந்தம் பேசுவாங்க. அதுல பாதிப் பேருக்கு பிளாஷ் அடிக்கத் தெரியாது. நீ அந்தக் கூட்டத்துல சேராத வரைக்கும் சந்தோசம்.

ஆனா நீ எழுதி வெச்சிருக்கற பட்டியல் இருக்குதே, அதைப் படிச்சு எனக்கு வெத்தலை பொரையேறிப் போச்சு. டிடிஎல் வேணுமாம். ஹெச்எஸ்எஸ் வேணுமாம். ப்ளூடூத்துல போனோட பேசோணுமாம். இருநூறு வாட்-செகண்டாம். ஏஞ்சாமி, உன்ற கேமராகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா? அதுக்கு இதெல்லாம் வெளங்குமா?

அந்தப் பொட்டிக்கும் பிளாஷுக்கும் நடுவால நடக்கற பழமை நெம்பச் சின்னது. ஷட்டர் முழுசாத் தொறந்ததும் உள்ளார ரெண்டு தகடு ஒண்ணையொண்ணு தொடும். தொட்டா பிளாஷ் அடிக்கும். முடிஞ்சுது. எவ்வளவு வெளிச்சம்னு கேக்காது, போதும்னு சொல்லாது. டிடிஎல்னா லென்ஸு வழியா வார வெளிச்சத்தைக் கேமராவே அளந்து பிளாஷை நிறுத்தோணும். உன்ற பொட்டிக்குள்ள அப்படி அளக்கறதுக்கும் ஆளில்லை, நிறுத்தச் சொல்றதுக்கும் ஆளில்லை. பின்னால வந்த சில பொட்டிகள்ல, பென்டாக்ஸ் 645, ப்ரோனிக்கா ஈடிஆர்எஸ்ஐ இதுகள்ல, டிடிஎல் உண்டுதான். அதுக்கும் அதுக்குப் பொருந்தற பிளாஷு, அடாப்டர்னு தனியாத் தேடோணும். யாஷிகா மேல டிடிஎல் பிளாஷை ஏத்தினா அந்த வித்தையெல்லாம் சும்மா உக்காந்துட்டு வரும். கூலி மட்டும் உன்ற ஜோப்புல இருந்து போகும்.

ஹெச்எஸ்எஸ், அதாவது அதிவேக ஷட்டர்லயும் பிளாஷ் அடிக்கற வித்தை, இன்னும் வேடிக்கை. அது திரை ஷட்டர் வெச்சிருக்கறவனோட தொந்தரவுக்குக் கண்டுபுடிச்ச வழி. உனக்கு அந்தத் தொந்தரவே கெடையாது. இல்லாத நோவுக்கு எதுக்குக் கண்ணு மருந்து?

பிளாஷைப் பார்க்கறதுக்கு மின்னால ஷட்டரைப் பாரு. மீடியம் ஃபார்மட் பொட்டிகள்ல ரெண்டு வகை. ஒண்ணு, லென்ஸுக்குள்ளாறயே இதழ் இதழா விரிஞ்சு மூடற லீஃப் ஷட்டர். யாஷிகா மேட், ரோலைஃப்ளெக்ஸ், ரோலைகார்டு, மாமியா ஆர்பி67, ப்ரோனிக்கா ஈடிஆர்எஸ், ஹாசல்பிளாட் 500சி எல்லாம் இது. எந்த ஸ்பீடுல வெச்சாலும் பிளாஷ் ஒழுங்கா உளுகும். உன்ற யாஷிகாவுல 1/500 வரைக்கும் போலாம். இன்னொண்ணு, பிலிமுக்கு முன்னால திரை ஓடற ஃபோகல் பிளேன் ஷட்டர். பென்டாக்ஸ் 67, கியேவ் 60 ரெண்டும் 1/30க்கு மேல போனா திரை முழுசாத் தொறந்து நிக்கறதில்லை. படத்துல பாதி மாப்பிள்ளை, பாதி இருட்டு. மாமியா 645க்கு 1/60. ஹாசல்பிளாட்காரனே மொதல்ல 1948ல திரை ஷட்டரோடதான் வந்தான். 1957ல 500சி கொண்டாந்தப்ப ஷட்டரை லென்ஸுக்குள்ள மாத்திட்டான். விவரம் இல்லாமயா மாத்துவான்?

"ராத்திரியில எந்த ஸ்பீடா இருந்தா என்ன தாத்தா?"ங்கற. ராத்திரிக்கு ஒண்ணுமில்லை. உச்சி வெயில்ல பாரு. பந்தலுக்கு வெளிய வெயிலுக்கு முதுகு காட்டி ஒரம்பரை நிக்குது. தலைமுடி மினுங்குது, மூஞ்சி கரிச்சட்டி. பிலிம் 100 ஐஎஸ்ஓ. அந்த வெயிலுக்கு 1/125ல எஃப் 16. அதையே 1/500க்குத் தூக்கினா எஃப் 8 ஆவுது. எஃப் 8க்கு, 28 கைடு நம்பர் (அது என்னன்னு பின்னால சொல்றேன்) இருக்கற ஒரு சின்ன பிளாஷு மூணரை மீட்டர் தள்ளி நிக்கறவன் மூஞ்சியை வெளுப்பாக்கிப் போடும். இப்ப பென்டாக்ஸ் 67காரனைப் பாரு. அவன் 1/30ல நிக்கோணும். அதுக்கு எஃப் 32 வேணும். அவனோட லென்ஸுக நெறைய 22லயே முடிஞ்சு போகும். அப்படியே 32 இருந்தாலும் அதே பிளாஷு ஒரு மீட்டர் கூட எட்டாது. மூக்குல கொண்டு போய்த்தான் அடிக்கோணும். அவன் பொட்டி வெலை உன்ற பொட்டியைப் போல எத்தனையோ மடங்கு. வெயில்ல பிளாஷ் அடிக்கறதுல நீதான் ராசா. இது தெரியாம அவனைப் பார்த்து ஏங்கிட்டுக் கெடக்கற.

அடுத்தது, மாட்டற எடம். யாஷிகாவுக்குப் பக்கவாட்டுல ஒரு ஷூ இருக்குதல்லோ? அதுல பிளாஷைச் செருகிப் பார்த்துட்டு, "அடிக்க மாட்டேங்குது, கேமரா கெட்டுப் போச்சு"ன்னு ரிப்பேர்காரன் ஊட்டுக்கு ஓடாதே. அந்த ஷூவுல கரண்டு இல்லை. சும்மா தாங்கிப் புடிக்கற எடம். பக்கத்துல சின்னதா வட்டமா ஒரு ஓட்டை, நடுவுல ஒரு ஊசி. அதான் பிசி சாக்கெட். ஜெர்மன் ஷட்டர்காரங்க வெச்சுட்டுப் போன அளவு, இன்னிக்கும் அதேதான். அதுல இருந்து பிளாஷுக்கு ஒரு சிங்க் வயரு போகோணும். பிளாஷுல பிசி ஓட்டை இல்லைன்னா, அடியில மாட்டற ஹாட் ஷூ அடாப்டர் ஒண்ணு கெடைக்கும். வெலை ஒண்ணும் பெரிசில்லை.

இந்த வயரு இருக்குதே, இதான் முச்சூடும் மானத்தை வாங்கறது. தாலி கட்டற நேரம் பார்த்து லூஸாகும். பிளாஷு ஒண்ணு வாங்கினா வயரு ரெண்டு வாங்கு. ஒண்ணு பையில கெடக்கட்டும். ரேடியோ ட்ரிகர் வாங்கினா வயரு வேண்டாமேங்கறயா? ட்ரிகர்ல இருந்து பொட்டிக்கும் அதே பிசி வயருதானே போகுது? எங்க சுத்தினாலும் அந்த ஓட்டைக்குத்தான் வரோணும்.

ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு குட்டி நெம்புகோல் பார்த்தயா? எம், எக்ஸ்னு ரெண்டு எழுத்து. எம்முங்கறது பல்பு காலத்துச் சமாச்சாரம். ஒரு தடவை எரிஞ்சா தூக்கிப் போடற பல்பு. கரண்டு பட்டு, புடிச்சு எரிஞ்சு உச்சத்துக்கு வார வரைக்கும் சித்த நேரமாகும், செகண்டுல அம்பதுல ஒரு பங்கு. அதுக்காக ஷட்டர் காத்திருந்து தொறக்கும். உன்ற எலக்ட்ரானிக் பிளாஷு காத்திருக்குமா? கரண்டு பட்டதும் அடிச்சுட்டுப் போயிரும். அப்பறம் ஆற அமர ஷட்டர் தொறக்கும். பிலிமுல என்ன இருக்கும்? ராத்திரிதான் இருக்கும். பன்னண்டு படமும் போச்சு. எக்ஸுல வை. வெச்சு, அதுமேல ஒரு டேப்பு ஒட்டிப் போடு. செரியா அடிக்குதான்னு பார்க்கறதுக்கு ஒரு ரோலும் செலவு பண்ண வேண்டாம். பிலிம் போடாம பின்கதவைத் தொற. வெள்ளைச் செவுத்தைப் பார்த்து பிளாஷோட 1/500ல ஒரு அடி. பின்னால இருந்து லென்ஸு வழியாப் பார்த்தா முழு வட்டமா வெளிச்சம் தெரியோணும். தெரிஞ்சா போதும், கேமரா நல்லா இருக்குது.

இப்பத்தான் பவருக்கு வாரேன். இருநூறு வாட்-செகண்டுன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சிரிப்புத் தாங்கலை. மூணு செண்டுக் கீரைப்பாத்திக்கு ஏழரை ஹெச்பி மோட்டாரா? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. வெளிச்சத்துக்கு அளவு கைடு நம்பர். அதைத் தூரத்தால வகுத்தா எஃப் நம்பர் வரும். கைடு நம்பர் 28, ஆளு அஞ்சு மீட்டர்ல நிக்கறான், 100 ஐஎஸ்ஓ பிலிம். எஃப் 5.6. பிலிமு 400ன்னா நம்பர் ரெண்டு மடங்காகி 56 ஆவுது. அப்ப எஃப் 11. பெரிய பிலிமுக்கு ஃபோகஸ் ஆழம் கம்மி. எட்டு, பதினொண்ணுன்னு சுருக்கி வெச்சாத்தான் முன்வரிசைப் பாட்டியும் பின்வரிசை மாமனும் ஒண்ணாத் தெளிவா இருப்பாங்க. அதனால 28ல இருந்து 36 வரைக்கும் இருக்கற பிளாஷும் 400 பிலிமும் உனக்குப் போதும். தூரம் அளக்க டேப்பு வேணுமா? ஃபோகஸ் திருகற குமிழ்லயே போட்டிருக்குதே கண்ணு! ஃபோகஸ் பண்ணு, நம்பரைப் படி, வகுத்துக்க. பிளாஷ் மீட்டர்னு ஒண்ணை பிளாஷை விட அதிக வெலைக்கு விப்பான். நாலாங்கிளாஸ் வகுத்தல் தெரிஞ்சவனுக்கு அது வேண்டாம். திறந்தவெளியில ராத்திரி அடிக்கறப்ப மட்டும் ஒரு ஸ்டாப் கூடத் தொற. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பறதுக்கு அங்க செவுரும் கெடையாது, மோடும் கெடையாது.

ஆனா அட்டையில போட்டிருக்கற நம்பரை நம்பிக் கெட்டுப் போகாதே. விக்கறவன் அதுல மூணு தில்லுமுல்லு வெச்சிருக்கறான். அடியில சொன்னா நம்பர் பெருசா இருக்கும். 120ன்னு போடுவான், மீட்டர்ல அது 36தான். அப்பறம் ஜூமு. தலையை முழுசா ஜூம் பண்ணி, ஒரு குறுகலான எடத்துல வெளிச்சத்தைக் குவிச்சு அளப்பான். கோடாக்ஸ் டிடி600ல 60னு போட்டிருக்கறது 200 எம்எம் ஜூமுல. யோங்நுவோ 560ல 58னு போட்டிருக்கறது 105ல. அதே 560ஐ 35க்குத் திருப்பு, 40க்குக் கீழ எறங்கிப் போகும். மூணாவது, எந்த ஐஎஸ்ஓவுக்குன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். 100க்கா 400க்கான்னு கண்ணாடி போட்டுட்டுப் படி.

ஜூம்னதும் நாவகம் வருது. உன்ற 80 எம்எம் லென்ஸு சின்னக் கேமராவோட 50க்குச் சமம்னு எவனாவது சொல்லியிருப்பான். அதைக் கேட்டு பிளாஷை 50ல வெச்சயோ, மேலயும் கீழயும் இருட்டு உளுகும். உன்ற படம் சதுரம். பிளாஷோட வெளிச்சம் நீளவாக்குல படுக்கற வெளிச்சம். 35ல வை.

செரி, எதை வாங்கறது? நான் சொல்றது ஆட்டோ பிளாஷ். ஆட்டோன்னா டிடிஎல் கெடையாது. பிளாஷோட நெஞ்சுலயே ஒரு குட்டிக் கண்ணு இருக்கும். பிலிம் ஐஎஸ்ஓவைச் சொல்லிட்டு, அது சொல்ற எஃப் நம்பரை லென்ஸுல வெச்சுட்டயின்னா, திரும்பி வார வெளிச்சத்தை அந்தக் கண்ணே பார்த்து போதும்னு நிறுத்திக்கும். கேமராகிட்ட ஒரு பேச்சும் வேண்டாம். உன்ற ஊமைப் பொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சோடி ஏது? தைரிஸ்டர் வெச்சதுன்னா மிச்சக் கரண்டை அடுத்த அடிக்குச் சேத்து வெச்சுக்கும். பேட்டரியும் தாங்கும்.

அந்தக் கண்ணையும் முழுசா நம்பீராதே. நம்மூருக் கண்ணாலத்துல நாலு பெரிய மனுசங்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில நின்னா, அது அந்த வெளுப்பைப் பார்த்துட்டுச் சீக்கிரமே நிறுத்திரும். வேட்டி நல்லா இருக்கும், மூஞ்சி தெரியாது. அங்க ஒரு ஸ்டாப் தொறந்துக்க. பின்னால வெறும் இருட்டுன்னா தலைகீழு. அளவுக்கு மீறி அடிச்சு மூஞ்சியை வெளுத்துப் போடும். நெகட்டிவ் பிலிமு வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சினாப் பொறுத்துக்கும், குறைஞ்சாப் பொறுக்காது. அதனால 400 பிலிமைப் போட்டுட்டு பிளாஷுகிட்ட 200ன்னு ஒரு பொய் சொல்லு. இந்தப் பொய்யில பாவமில்லை. ஸ்லைடு பிலிமுன்னா மட்டும் நெசத்தைச் சொல்லிப் போடு.

பழசுல விவிடார் 283 நல்ல மாடு. 36 நம்பர், நாலு பென்சில் பேட்டரி, கூரையைப் பார்க்கத் திரும்பற தலை, நாலு கலர்ல ஆட்டோ. 285ன்னா பவரைக் கையால கொறைச்சுக்கவும் முடியும். சன்பாக், நேஷனல்னு இன்னும் இருக்குது. மெட்ஸ் 45ம் இருக்குது, 45 நம்பர், பக்கத்துல கைப்புடியோட நிக்கற தடிப்பயல். தோள்ல தெம்பிருந்தா வாங்கு. புதுசுதான் வேணும்னா, மேல சொன்ன யோங்நுவோ 560, டிடி600 ரெண்டுமே கையால வெக்கற சாமானந்தான். ஆட்டோக் கண்ணு கெடையாது, வகுத்தல் நீதான் போடோணும். அது தப்பில்லை.

பழசு வாங்கறப்ப கடைக்காரன் பேச்சைக் கேக்காதே, பிளாஷோட பேச்சைக் கேளு. பேட்டரி அறையைத் தொறந்து பாரு. பச்சையா வெள்ளையாப் பூத்திருந்தா வெச்சுட்டு வந்துரு. புது பேட்டரி போட்டு ஆன் பண்ணினா கீய்ய்ன்னு ஒரு சத்தம் ஏறும். பத்துப் பன்னண்டு செகண்டுல ரெடி லைட்டு எரியோணும். நிமிசக்கணக்கா ஆனா அது கெழடு, நான் ஒருத்தன் போதும் உனக்கு. ஆட்டோவுல வெச்சு கிட்டத்துல ஒரு செவுத்துல அடி. உடனே மறுபடி லைட்டு எரிஞ்சா குட்டிக் கண்ணு உசுரோட இருக்குது. தைரிஸ்டர் வெச்சதே ஒவ்வொரு அடிக்கும் முழு நேரம் எடுத்துக்கிட்டா கண்ணு அவிஞ்சு போச்சுன்னு அர்த்தம். வருசக்கணக்கா பொட்டியில கெடந்ததுன்னா, எடுத்ததும் படபடன்னு அடிக்காதே. ஆன் பண்ணிச் சித்த நேரம் சும்மா வை. கெப்பாசிட்டர் தூக்கம் கலையட்டும். உள்ள 300 வோல்ட்டுக்குப் பக்கமா நிக்கும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு உள்ள போயிப் பார்க்கற வேலை வேண்டாம், தாத்தனுக்கு நீ ஒருத்தன்தான் பேச்சுக்கு ஆளு.

இன்னொரு வில்லங்கமும் சொல்லிப் போடறேன். பழைய 283ல சிலதோட அடிக்கால்ல 200 வோல்ட்டுக்கு மேல நிக்கும். யாஷிகாவுக்குள்ள இருக்கறது வெறும் தகடு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதே பிளாஷைக் கழட்டி அண்ணன் ஆசையா வாங்கின டிஜிட்டல் கேமரா மேல ஏத்தினயோ, கேமராவும் போகும், அண்ணன் தம்பி ஒறவும் போகும். மலிவு ரேடியோ ட்ரிகருக்கும் அதே கதி. ஒரு மல்டிமீட்டர் வெச்சு, பிளாஷ் ரெடியானதும் அடிக்கால் நடுப்புள்ளிக்கும் ஓரத் தகட்டுக்கும் அளந்து பார்த்துக்க.

அப்பறம் இந்த குடை, கூண்டு, பிளாஸ்டிக் கொட்டாங்குச்சி. கெடக்கறது கெடக்கட்டும் கெழவனைத் தூக்கி மணையில வைங்கற கதை. வயரு வாங்கலை, பேட்டரி வாங்கலை, சாஃப்ட்பாக்ஸ் மூணு அளவுல வாங்கியாச்சு! அந்த வெள்ளைக் கொட்டாங்குச்சியை பிளாஷ் மேல கவுத்துட்டுத் திறந்தவெளியில ஒருத்தன் அடிக்கறான். முக்கால்வாசி வெளிச்சம் ஆகாசத்துக்குப் போகுது. அங்க ஆரைப் படம் புடிக்கறான்? கொட்டாங்குச்சி வெலை குடுத்து, வெளிச்சத்தையும் குடுத்து... கெரகம். ஊட்டுக்குள்ள வெள்ளைக் கான்கிரீட் மோடு இருந்தா தலையைத் திருப்பி மேல அடி. நல்ல மெத்துன்னு உளுகும். ஆனா ரெண்டு மூணு ஸ்டாப் திங்கும், அந்தக் கணக்கை மறந்துராதே. ஓட்டு ஊடுன்னா வேண்டாம். பந்தல்ல ரோஸ் துணி கட்டியிருந்தா கட்டாயம் வேண்டாம். மாப்பிள்ளை ரோஸா வருவான், பொண்ணு ஊட்டுக்காரங்க உன்னைத்தான் கேப்பாங்க. துணி சோடிச்ச எடத்துல நேரா அடி. இடது கையில பிளாஷைப் புடிச்சு, நீள வயருல, தலைக்கு மேல ஒரு முழம் தூக்கிக்க. நெழல் கீழ போயி ஒளிஞ்சுக்கும். ஒரு கையில யாஷிகாவைப் புடிக்கலாமான்னா கழுத்து வாரு எதுக்கு இருக்குது? மாமியா ஆர்பி67காரன்தான் பாவம். லென்ஸோட ரெண்டரை கிலோவுக்கு மேல. அவனுக்கு முக்காலி வேணும், இல்லை மச்சான் வேணும்.

மிச்சமாகற காசுக்கு பிலிம் வாங்கு. ஒரு ரோலுக்குப் பன்னண்டு படந்தான். மொதல் ரோலு முழுசும் பிளாஷுக்குன்னே ஒதுக்கு. ஒரே ஆளை ஒரே எடத்துல நிறுத்தி, ரெண்டு மீட்டர், மூணு மீட்டர், அஞ்சு மீட்டர்னு அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் வெச்ச எஃப் நம்பரை எழுதி வை. கழுவி வந்ததும் நெகட்டிவோட சேத்துப் பாரு. அட்டையில போட்ட கைடு நம்பர் எவ்வளவு பொய்யின்னு தெரியும், உன்ற பிளாஷோட நெச நம்பரும் தெரியும். அதைப் பேனாவுல எழுதி பிளாஷ் முதுகுல ஒட்டிப் போடு.

பேட்டரி மட்டும் சார்ஜ் ஏத்தற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்கு. சாதா பேட்டரியை விட வெசையா ரெடியாகும், நாளைக்கும் ஆகும். ரெண்டு செட்டு, எட்டு. படம் புடிச்சு முடிச்சதும் அதைக் கழட்டி வெச்சுட்டுப் படு.